மேல்ஸ்தாயியில் ஒரு குறை

எங்கள் சஞ்சிகையில் இதுவரை யாரும் மோசமாகப் பாடியதில்லை. யாருக்கும் தாளம் தவறியதில்லை, எந்த வீணையிலும் தந்தி அறுந்ததில்லை, ஒலிவாங்கிகூட ஒருநாளும் கீச்சிட்டதில்லை. ‘பண்வெளி’யின் பழைய இதழ்களை எடுத்துப் படிக்கிற வெளியூர்க்காரர் ஒருவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாம் பிறந்த உடனே கல்யாணி ராகத்தில்தான் அழுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுவார். அப்படி நினைக்க வைப்பதுதான் என் வேலை. பெயர் றஜனி. கோப்பாயில் ஒரு கல்வீட்டின் முன் அறையில் இருந்துகொண்டு மாதம் தவறாமல் இந்தப் புகழ்மாலையைத் தொடுத்து அனுப்புகிற ஆசிரியர்.

பாதிப் பக்கங்கள் அரங்கேற்றங்களுக்குப் போய்விடும். ஒரு பிள்ளை முதன்முதலாக மேடையேறி முழுக் கச்சேரி செய்வதென்றால் இங்கே கலியாண வீட்டுக்குச் செய்கிற அத்தனையும் செய்வார்கள்: மண்டபம், அழைப்பிதழ், பூ அலங்காரம், வீடியோ, சாப்பாடு. எல்லாம் முடிந்த பிறகு எங்கள் சஞ்சிகையில் விமர்சனம் வரவேண்டும். விமர்சனம் என்று பெயர்தான். அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். மாட்டப்போகிற ஒன்றில் குறை எழுதலாமா? எழுதினால் பெற்றோர் மட்டுமல்ல, படிப்பித்த ரீச்சர், மிருதங்கக்காரர், மண்டபம் கொடுத்த கோயில் சபையார் என்று ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே விமர்சகர்கள் தப்பித்தவறி ஒரு குறை எழுதினாலும் நான் வெட்டிவிடுவேன். நான் வெட்டி வெட்டி, இப்போது யாரும் எழுதுவதே இல்லை.

அதனால்தான் ஆவணி இதழில் அந்த வரி எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

கமலாவதி என்ற பெண் அதைக் கொண்டுவந்து காட்டினார். அச்சுவேலியில் இருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் சுருட்டியிருந்த இதழை என் மேசையில் விரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“உதை ஒருக்கா வாசியுங்கோ மிஸ்.”

வாசித்தேன். அவருடைய மகள் தர்சிகாவின் வாய்ப்பாட்டு அரங்கேற்றம் பற்றிய விமர்சனம். வழக்கமான தேனும் பாலும் வழிந்தோடிக்கொண்டிருந்தது. நடுவில் இப்படி இருந்தது: ‘மேல்ஸ்தாயியைத் தொடும்போது செல்வி தர்சிகாவின் குரல் உடைகிறது. உடைவதை மறைக்கச் சிரித்தால் போதாது.’

இன்னொரு தடவை வாசித்தேன். அது அங்கேயேதான் இருந்தது. என் பெயரைப் போட்டு நான் வெளியிட்ட இதழில் இருந்த ஒரு வரியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஏச்சு வாங்க ஆயத்தமானேன். கமலாவதி ஏசவில்லை. அது என்னை இன்னும் குழப்பியது.

“சண்டை பிடிக்க வரேல்லை மிஸ்,” என்றார். “இது வந்த நாளிலை இருந்து பிள்ளை பாடுறேல்லை. கதைக்கிறாள், சாப்பிடுறாள், கேட்டதுக்கு மறுமொழி சொல்லுறாள். பாட்டு மட்டும் இல்லை. யூனிவர்சிற்றிக் கம்பஸிலை சங்கீதம் படிக்க எடுபடுறதுக்குப் பாடிக் காட்டுற சோதினை ஒண்டிருக்கு, வாற செவ்வாய்க்கிழமை. அதுக்குப் போக மாட்டன் எண்டு நிக்கிறாள். வேறை ஒண்டுக்கும் அவள் விண்ணப்பிக்கேல்லை. போகாட்டி வீட்டிலைதான் இருக்க வேணும்.”

“நான் அவவோடை ஒருக்கா கதைக்கட்டோ?”

“கதைக்கலாம். முதல் எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. படம் மாறிப் போச்சோ?”

எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கே சாருஜா என்ற நெல்லியடிப் பிள்ளை இருந்தாள். இருவரும் பத்மாவதி ரீச்சரின் மாணவிகள். சனிக்கிழமை தர்சிகாவுக்கு அரங்கேற்றம், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் சாருஜாவுக்கு. சாருஜாவின் விமர்சனத்தில் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை.

“அந்தப் பிள்ளைக்கு எழுதினது எங்கடை பிள்ளைக்கு வந்திட்டுதோ எண்டுதான் கேக்கிறன். அப்பிடியெண்டால் பிள்ளையிட்டைச் சொல்லலாம். நீங்களும் வந்தனீங்கள்தானே, முன்வரிசையிலை இருந்தனீங்கள். எங்கடை பிள்ளையின்ரை குரல் உடைஞ்சதோ மிஸ்?”

நான் இரண்டு நாளும் போயிருந்தேன். முதல் நாள் சிறப்பு விருந்தினர், இரண்டாம் நாள் கௌரவ விருந்தினர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை தெரியாது. எனக்குப் போர்த்திய பொன்னாடையின் நிறம் ஞாபகம் இருந்தது. உழுந்து வடை சூடாக இருந்தது ஞாபகம் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் தன் மருமகனின் மோட்டார்ச்சைக்கிளைப் பற்றிச் சொன்ன கதை வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. பாட்டு ஞாபகம் இல்லை. எவ்வளவு தோண்டிப் பார்த்தும் ஒரு சுரமும் வரவில்லை. பெற்ற தாய் அங்கே இருந்திருப்பாரே, இதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்பதும் பிடிபடவில்லை.

“பாத்துச் சொல்லுறன்,” என்றேன். ஆசிரியர்கள் சொல்கிற வழக்கமான மறுமொழி அது.

அவர் போனதும் றொசாந்தியைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கங்களை வடிவமைக்கிறவள். குருநகர்ப் பிள்ளை, கர்நாடக சங்கீதத்தில் அவளுக்குத் தெரிந்தது எங்கள் சஞ்சிகையின் எழுத்துரு மட்டும்தான். கணினியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஒரே மேடை. ஒரே மேடைச்சோடனை. ரீச்சர் தெரிவுசெய்து கொடுத்த ஒரே குங்குமநிறச் சீலை. இருவருக்கும் ஒரே பெண்தான் முகப்பூச்சுப் போட்டு, தலை பின்னி விட்டிருக்கிறாள். ஒரே சிரிப்பு. தர்சிகாவின் கண்ணைச் சாருஜாவுக்கு வைத்தாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

“படங்கள் சரிதான் அக்கா. படத்திலை பேர் இருக்கு,” என்றாள் றொசாந்தி. “கட்டுரைதான் தெரியாது.”

எங்கள் விமர்சகர் ஆழ்வாப்பிள்ளை சேர் கையால் எழுதி, தாளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர். பிள்ளைகளின் பெயர்களை எழுதமாட்டார். இந்தக் காலத்துப் பெயர்கள் தன் பேனைக்குள் நுழைவதில்லை என்பார். ‘செல்வி’ என்று எழுதி ஒரு கோடு இழுத்துவிடுவார். கோட்டில் பெயரைப் போடுவது நாங்கள்.

“எதை ஆருக்குப் போடுறது எண்டு எப்பிடித் தெரிஞ்சது?”

“நீங்கள்தான் அக்கா சொன்னனீங்கள், முதலாவதை முதலாம் ஆளுக்குப் போடு எண்டு.”

“முதலாவது எது?”

“வட்ஸ்அப்பிலை மேலை இருந்தது.”

“அதுதான் அவர் முதல் எழுதினது எண்டு என்ன நிச்சயம்?”

“ஒரு நிச்சயமும் இல்லை,” என்றாள் அமைதியாக. “நீங்கள் வாசிப்பீங்கள் எண்டு நினைச்சன்.”

நான் வாசித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துத்தான் அச்சகத்துக்கு அனுப்பினேன். ஆனால் திருவிழாக் காலம், அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள். எழுத்துப்பிழை தேடி வாசித்திருக்கிறேன். அந்த வரியில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. மற்றவை எல்லாம் எனக்கு மனப்பாடமானவை. கண் அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது. என் வேலையை நான் எந்த லட்சணத்தில் செய்கிறேன் என்று நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வீடியோவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று வீடியோக்காரர் லோஜனைத் தொலைபேசியில் பிடித்தேன். முழு வீடியோ தை மாதம்தான் முடியும் என்றார். இப்போதைக்கு முன்னோட்டம் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன் என்றார். அனுப்பினார். குத்துவிளக்கு மெதுவாக எரிகிறது. பூ மெதுவாக விழுகிறது. தர்சிகா மெதுவாக வாயைத் திறக்கிறாள். உள்ளே இருந்து வருவது யாரோ ஊதிய புல்லாங்குழல். சாருஜாவின் முன்னோட்டத்திலும் அதே புல்லாங்குழல்தான்.

அடுத்துச் சாருஜாவின் தாய் பிரதீபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கட்டுரை மாறியிருக்கலாம் என்று நான் இழுத்த இழுப்பிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

“மாறியிருந்தாலும் மாத்தாதேங்கோ அக்கா. நாங்கள் அதைக் கனடாவுக்கு, லண்டனுக்கு எல்லாம் அனுப்பிட்டம். சட்டம் போடவும் குடுத்தாச்சு.”

“உங்கடை பிள்ளைக்கு மேல்ஸ்தாயி எப்பிடி?”

“அதெல்லாம் ரீச்சருக்குத்தான் தெரியும்,” என்றார். “ஏன், ஆரும் ஏதும் கதைச்சவையோ?”

நான் வைத்துவிட்டேன். கட்டுரை மாறியிருந்தால் ஒரு பிள்ளைக்குப் பட்ட அடி இன்னொரு பிள்ளைக்குப் போகும். மாறாவிட்டால் அடி பட்ட பிள்ளைக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. எது நடந்திருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சியது ஆழ்வாப்பிள்ளை சேர். கேட்ட கேள்விக்கு அவர் தொலைபேசியில் மறுமொழி சொல்லமாட்டார், கேட்காததற்கெல்லாம் சொல்லுவார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். முற்றத்துக் கதிரையில் காலை நீட்டி முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான் இதழை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டு அந்த வரியை வாசித்தார். முகம் மலர்ந்தது.

“வடிவா விழுந்திருக்கு. நீர் வெட்டேல்லையே.”

“சேர், இது எந்தப் பிள்ளைக்கு எழுதினது? சனிக்கிழமைப் பிள்ளைக்கோ, ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைக்கோ?”

“சனிக்கிழமைப் பிள்ளைக்கு.”

“நல்லா ஞாபகமோ?”

“ஓம், அதிலை ஒரு சந்தேகமும் இல்லை.”

ஆக, ஒன்றும் மாறவில்லை. தர்சிகாவுக்கு எழுதியது தர்சிகாவுக்கே போயிருக்கிறது. இதைக் கமலாவதியிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கவே மனம் கனத்தது.

“அப்ப அந்தப் பிள்ளையின்ரை குரல் உண்மையாவே உடைஞ்சதோ சேர்?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? சனிக்கிழமை எனக்குக் கலியாண வீடெல்லோ.”

அவர் எண்ணெயை மற்ற முழங்காலுக்கு மாற்றினார்.

“ஞாயிற்றுக்கிழமை வந்து மற்றப் பிள்ளையைக் கேட்டன்,” என்றார். “அதே ரீச்சர், அதே பாட்டுகள், அதே மிருதங்கம். ஒண்டைக் கேட்டால் மற்றதைக் கேட்ட மாதிரித்தான். வீட்டை வந்து ரெண்டும் எழுதினன்.”

“அப்ப இந்தக் குறை எங்கையிருந்து வந்தது?”

“நீர்தானே கேட்டனீர்.”

“நானோ?”

“ஓம். போன மாதம் போனிலை என்னோடை சினந்தனீர். சேர், உங்கடை எழுத்தெல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு, ஒரு குறையாவது எழுதுங்கோ, இல்லாட்டிச் சனம் நாங்கள் கச்சேரிக்குப் போறேல்லை எண்டு நினைக்கப்போகுது எண்டனீர். சரி, கேக்கிறாதானே எண்டு யோசிச்சன். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை நல்லாப் பாடினது. கேட்ட பிள்ளையிலை குறை எழுத மனம் வரேல்லை. கேக்காத பிள்ளைக்கு எழுதினால் மனச்சாட்சி குத்தாது எல்லோ.”

இதில் எங்கே பிழை என்று உடனே எனக்குப் பிடிபடவில்லை. அவர் சொல்கிற விதத்தில் அது நியாயம்போலவே கேட்டது. கணக்கு வாத்தியார் அல்லவா.

“மேல்ஸ்தாயி எண்டு ஏன் எழுதினீங்கள்?”

“எழுதிறதெண்டால் அதைத்தானே எழுதலாம்? தாளம் பிழை எண்டால் மிருதங்கக்காரன் சண்டைக்கு வருவான். ராகம் பிழை எண்டால் பத்மாவதி வருவா. குரல் பிள்ளையின்ரை சொந்தச் சாமான். ஒருத்தரும் வர மாட்டினம்.”

“சிரிச்சது?”

“பத்மாவதியின்ரை பிள்ளையள் எல்லாம் சிரிக்குங்கள். கஷ்டமான இடத்திலை சிரியுங்கோ எண்டு சொல்லிக் குடுக்கிறவ.” பிறகு, ஏதோ என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார்: “நீர் வெட்டிப்போடுவீர் எண்டு நம்பித்தான் எழுதினன் பிள்ளை. நீர் வெட்டாமல் விடுவீர் எண்டு கனவு கண்டனானோ?”

நான் அப்படிச் சினந்தேனா? சினந்திருக்கலாம். மாதக் கடைசியில் நான் யாரோடு என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. நான் கேட்டதால் அவர் எழுதினார், அவர் நம்பியதால் நான் வெட்டவேண்டும், நான் வாசிப்பேன் என்று நம்பியதால் றொசாந்தி வாசிக்கவில்லை. யாரைப் பிடித்து ஏசுவது? எனக்கு வந்த கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது; எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நின்றேன்.

ஆனால் ஸ்கூட்டியை எடுத்து வல்லை வெளிக்கு வந்ததும், காற்று முகத்தில் அடிக்க, மனம் கொஞ்சம் இலேசாகியது. யோசித்துப் பார்த்தால் இது நல்ல செய்தி. அந்த வரி யாரையும் பற்றியது அல்ல. எழுதினவர் அங்கே வரவே இல்லை. இதைச் சொன்னால் பிள்ளை ஒருமுறை அழுதுவிட்டுச் சிரிப்பாள், நாளை மறுநாள் போய்ச் சோதனையில் பாடுவாள், அடுத்த இதழில் நான் பெட்டி கட்டி ஒரு வருத்தம் தெரிவிப்பேன். இப்படியே சந்தோசமாக அச்சுவேலி வரைக்கும் போனேன்.

கமலாவதி என்னை முன் அறையில் இருத்தி, மேலே மின்விசிறியைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். தர்சிகா வந்தாள். தலையைச் சும்மா அள்ளி முடிந்திருந்தாள். முன்வரிசையில் இருந்து நான் பார்த்த முகம் இதுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. இந்த முகத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சேர் கலியாண வீட்டுக்குப் போனது, மற்றப் பிள்ளையைக் கேட்டு இரண்டையும் எழுதியது, குறை எழுதும்படி நான் கேட்டது, பிறகு நான் பாராமல் விட்டது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப அவர் வரவே இல்லையோ?”

“வரேல்லை பிள்ளை. அது சும்மா எழுதினது. நீர் அதைத் தலையிலை ஏத்தக் கூடாது.”

“ஆனால் அது உண்மை அக்கா.”

“எது?”

“குரல் உடைஞ்சதுதான். கல்யாணியிலை, மேலை போகேக்கை. நான் சிரிச்சும் இருக்கிறன்.”

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. வராத மனிதர் கேட்காத பாட்டில் இல்லாத குறையை எழுதினார். அது இருக்கிறது. சிரிப்பும் இருக்கிறது.

“ரீச்சர் எல்லாருக்கும் ஒரே சுருதிதான் வைக்கிறவ, ஐந்தரைக் கட்டை,” என்றாள் தர்சிகா. “எனக்கு அந்த உயரம் கூட. மேலை எட்டாது. சொல்லப் பயத்திலை சொல்லேல்லை. மேடையிலை உடைஞ்ச உடனை, சரி, துலைஞ்சன் எண்டு நினைச்சன். இறங்கி வந்தால் எல்லாரும் கையைப் பிடிச்சு, நல்லாப் பாடினீர் பிள்ளை, நல்லாப் பாடினீர் எண்டிச்சினம். அப்பாடா, ஒருத்தருக்கும் கேக்கேல்லை எண்டு இருந்தன். பேந்து உங்கடை சஞ்சிகை வந்தது. வாசிச்ச உடனை எனக்கு என்ன விளங்கினது தெரியுமோ? எல்லாருக்கும் கேட்டிருக்கு. கேட்டுக்கொண்டுதான் என்ரை முகத்துக்கு நேரை பொய் சொல்லியிருக்கினம். நீங்களும்தான் அக்கா. மைக்கைப் பிடிச்சு, தேன் சொட்டுது எண்டனீங்கள்.”

சொல்லியிருப்பேன். அது எல்லா மேடையிலும் நான் சொல்வது.

“இனி ஆர் நல்லாயிருக்கு எண்டாலும் நான் எப்பிடி நம்புறது? அதுதான் போறேல்லை எண்டு நிண்டனான்.” சற்று யோசித்தாள். அவளுடைய நெற்றி சுருங்கியது. “இப்ப நீங்கள் சொல்லுறியள், எழுதினவருக்கும் கேக்கேல்லை எண்டு. அப்ப மற்ற ஆக்களுக்கு? உங்களுக்குக் கேட்டதோ அக்கா? நீங்கள் எனக்கு நேரை முன்னுக்கு இருந்தனீங்கள்.”

பொய் சொல்ல எனக்குப் பத்து வழி தெரியும். அதுதான் என் தொழில். ஆனால் அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்லை,” என்றேன். “பக்கத்திலை இருந்தவர் கதைச்சுக்கொண்டு இருந்தவர். மற்ற நேரம் நான் பேசப்போறதை யோசிச்சுக்கொண்டு இருந்தன்.”

கமலாவதி தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றார்.

“அம்மா, உங்களுக்குக் கேட்டதோ?”

“நான் எங்கை பிள்ளை உள்ளுக்கை நிண்டனான்? சாப்பாடு ஏத்தின வான் வரேல்லை எண்டு றோட்டிலை எல்லோ நிண்டன். பேந்து வந்த ஆக்களைக் கூப்பிட்டு இருத்திறதுக்கே நேரம் சரி.” தட்டத்தை மேசையில் வைத்தார். அவருடைய குரல் இறங்கியது. “கடைசிப் பாட்டுக்குத்தான் வந்தன். அதுவும் உன்ரை சீலைத் தலைப்பு வடிவா இருக்கோ எண்டுதான் பாத்தன்.”

“அப்பா?”

“அப்பா வீடியோக்காரரோடை நிண்டவர்.”

தர்சிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு கணக்கு சரிவராத பிள்ளையின் முகம்.

“அப்ப அண்டைக்கு என்ரை பாட்டை ஆர் கேட்டது?”

மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். கதிரை போதாமல் பின்னால் நின்றார்கள். நான் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார்கள், அல்லது தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிள்ளை மேடையில் இருந்து மூன்று மணித்தியாலம் பாடியிருக்கிறது. அதில் ஒரு குறை இருந்ததோ நிறை இருந்ததோ சொல்ல, அதைப் பெற்றவர் உட்பட, ஓர் ஆளும் இல்லை.

அவள் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். என் மடியில் இருந்த தொலைபேசியைக் கேளாமலே எடுத்துத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். தன்னுடைய தொலைபேசியில் சுருதியைப் போட்டாள். அதே ஐந்தரைக் கட்டை. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, அன்றைக்குப் பாடிய கல்யாணிப் பாட்டை எடுத்தாள்.

கேட்டேன். கேட்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு மறந்தே போயிருந்தது. மனம் எழுந்து எழுந்து ஓடியது. பிடித்துப் பிடித்து இருத்தினேன். கீழே அவளுடைய குரல் நல்ல தடிப்பாக, நிதானமாக நடந்தது. சரணத்தில் மேலே ஏறியது. ஏறிய இடத்தில், எனக்குத் தெளிவாகக் கேட்டது, குரல் உடைந்தது. அவள் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

‘நல்லாயிருக்கு’ என்ற சொல் என் நாக்கின் நுனிவரை தானாகவே வந்துவிட்டது. அதை விழுங்குவது லேசான வேலையாக இருக்கவில்லை.

“உடைஞ்சது,” என்றேன்.

கமலாவதி என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு இப்படியும் ஒருத்தி சொல்வாளா என்ற பார்வை.

“எந்த இடத்திலை?” என்றாள் தர்சிகா.

“சரணத்திலை, ரெண்டாந்தரம் மேலை போகேக்கை. முதற்தரம் தப்பிட்டீர்.”

“ஓம்,” என்றாள். “அண்டைக்கும் அதே இடம்தான்.” அவளுடைய தோள்கள் இறங்கின. பல நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றை இறக்கி வைத்ததுபோல ஒரு மூச்சு விட்டாள். குறையைச் சொன்னதும் ஒரு பிள்ளைக்கு ஏன் முகம் தெளியவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் முழுதாக விளங்கியது என்று சொல்லமாட்டேன்.

தொலைபேசியை எடுத்துச் சுருதியை அரைக் கட்டை இறக்கினாள். மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். இந்தத் தடவை சரணம் நெருங்க நெருங்க நான் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டேன். மேலே போனாள். ஒருதரம். இரண்டாந்தரம். ஏதோ ஒன்று இலேசாக ஆடியதுபோல இருந்தது. ஆடியது குரலா, அப்படி ஆடும் என்று காத்திருந்த என் காதா? என்னால் பிரித்தறிய முடியவில்லை.

“இப்ப?” என்றாள்.

“தெரியேல்லை,” என்றேன். “உண்மையாவே தெரியேல்லை. இன்னொருக்காப் பாடும்.”

கமலாவதி சுவரோடு சாய்ந்து நின்றவர், மெதுவாக வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்தவர்போல, கை துடைத்த துவாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப செவ்வாய்க்கிழமை போறியோ பிள்ளை?”

“போறன் அம்மா,” என்றாள் தர்சிகா, சுருதியைக் கொஞ்சம் உரக்க வைத்தபடி. “முதல் நீங்கள் ரெண்டு பேரும் கேட்டு முடியுங்கோ.”